தூசி அத்தை

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டு மணியை அடித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் போகாமல், என் மகள் கயலை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் கதவைத் திறந்தேன். தோளில் துணிப்பை, கையில் ஹெல்மெட், தலைமுடியை மறைத்து இறுக்கிக் கட்டிய பருத்தித் துணி. என் வயதுப் பெண்தான்.

"பால் பொங்குதுங்க" என்றார்.

ஓடிப்போய் அணைத்தேன். "என் தப்புதான். எப்பவும் இப்படித்தான் பண்ணித் தொலைக்கிறேன்" என்றேன், முன்பின் தெரியாத ஒருவரிடம்.

அவர் வாசலைத் தாண்டாமல் நின்றபடியே சொன்னார்: "முழுசா நீங்களே எடுத்துக்காதீங்க. அடுப்பப் பெருசா வச்சது உங்க பங்கு. நேரம் பாத்து பெல் அடிச்சது என் பங்கு. இடுப்புல ஒக்காந்திருக்காங்களே, இவங்களுக்கும் கொஞ்சம் குடுங்க."

கயல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அவர் தான் யார் என்று சொன்னார். எங்கள் மொட்டை மாடியில் காற்றிலிருக்கும் தூசியைப் பிடிக்கும் மெஷின் ஒன்றை வைக்கப் போகிறார். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சரோஜாக்கா சம்மதித்துவிட்டார். ஆனால் மாடிப்படி நாங்கள் குடியிருந்த மேல் வீட்டுச் சமையலறையை ஒட்டிப் போவதால், என்னையும் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்க வழியில்லை. கேட்காமல் எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை. அரியலூரில் அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. பெரியவர்களுக்கு அவர் தூசி மேடம். கயலுக்குத் தூசி அத்தை.

அவருடைய வேலை தூசிக்குப் பங்கு பிரிப்பது. கிண்டலாகச் சொல்லவில்லை, அவரே அப்படித்தான் சொன்னார். ஓர் ஊரின் காற்றிலிருக்கும் தூசியில் சாலை மண்ணுக்கு எவ்வளவு, வண்டிப் புகைக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இங்கே வருவதற்கு முன் சென்னையில் பல மாடிகளில் இதே வேலையைச் செய்திருக்கிறார். ஒரு மாடியில் பஸ் புகையும் டயர் தேய்ந்த பொடியும் அதிகம் கிடைத்ததாம். இன்னொன்றில் கட்டடம் கட்டும் மண்ணும் குப்பை எரித்த கரியும். கடற்கரைப் பக்கத்து மாடியில் உப்பு. "அலைக்கும் ஒரு பங்கு எழுத வேண்டியிருந்துச்சுங்க" என்று சிரித்தார்.

"எப்படி மேடம் பிரிப்பீங்க? எல்லாம் தூசிதானே?" என்று கேட்டேன்.

"உங்க பொண்ணு யாரு ஜாடை?"

"மூக்கு அவங்க அப்பா. நெத்தி என்னுது. கோவம் மட்டும் எங்க நாத்தனார்னு சொல்லுவாங்க."

"அவ்வளவுதான். தூசிக்கும் ஜாடை இருக்கு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் போற வழியில கால்சியம் கெடக்கும். விறகு எரிஞ்சா பொட்டாசியம். பிளாஸ்டிக்கக் கொளுத்துனா குளோரின். ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் முன்னாடியே பாத்து வச்சிக்கிட்டா, மாடியில கெடைக்கிற கலவையில இது யாரு மூக்கு, அது யாரு நெத்தின்னு சொல்லிடலாம்."

மெஷின் வந்தது. நான்கு கால், மேலே கூம்பு மூடி, உள்ளே ஓயாமல் ஒரு உறுமல். முதலில் தெரு அதைச் செல்போன் டவர் என்றது. எதிர் டீக்கடை அண்ணன் அதைக் கேமரா என்று முடிவுகட்டி, கடை வாசலில் நின்று தலை சீவிக்கொள்வதையே நிறுத்திவிட்டார். மெஷினுக்குள் உள்ளங்கை அளவு வெள்ளை வட்டத் தாள் இருக்கும். ஒரு முழு நாள் காற்றை அது குடிக்கும். மறுநாள் அவர் வந்து இடுக்கியால் அதை எடுத்து, மூடி போட்ட வட்ட டப்பாவில் வைத்துவிட்டுப் புதிய தாள் வைப்பார்.

தாள் மாற்றும் நாளில் அவர் முகத்துக்குப் பவுடர் போடமாட்டார். திருநீறு பூசமாட்டார், வேலை முடிந்து கீழே வந்து, என் வீட்டுச் சாமி மாடத்திலிருந்து எடுத்துப் பூசிக்கொள்வார். மாடியில் அவர் இருக்கும்போது யாரும் போர்வை உதறக் கூடாது. ஒருநாள் சரோஜாக்கா மிளகாய் காயவைக்க ஏறியபோது, பாதிப் படியிலேயே கை கூப்பி நிறுத்திவிட்டார். "அக்கா, உங்க மொளகாய நான் கணக்குல எங்க எழுதுவேன்?"

ஆனால் அவரை நான் நினைவில் வைத்திருப்பது மெஷினுக்காக அல்ல. எந்தப் பழியையும் முழுதாக ஒருவர் தலையில் வைக்க அவருக்குக் கை வராது. சாம்பாரில் உப்புக் கூடினால் உப்புக்கு ஒரு பங்கு, புளிக்கு ஒரு பங்கு, பேச்சுக் கொடுத்த தனக்கு ஒரு பங்கு. அவருடைய ஸ்கூட்டர் செந்துறை ரோட்டில் நின்றுபோனபோது மெக்கானிக்கை நான் திட்டியதற்கு, "பெட்ரோல் போடாதது யாருங்க?" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். கேட்க வேடிக்கையாக இருக்கும். எனக்கு அந்த நாட்களில் சில சமயம் எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது பங்கு அல்ல. ஒரே ஒரு பதில்.

கயலுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. மழை நின்று பனி தொடங்கியதிலிருந்து அவளுக்கு இளைப்பு வந்துகொண்டிருந்தது. காலையில் எழும்போதே நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். பெரம்பலூரில் குழந்தை டாக்டர் மருந்து எழுதினார், மாஸ்க் வைத்து ஆவி மருந்து கொடுக்கக் கற்றுத் தந்தார், "தூசி ஆகாதும்மா" என்றார். எந்தத் தூசி என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ரோட்டில் பொழுது விடிந்தால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள். வாசல் புங்கமரம் பச்சையாக இருப்பது மழை பெய்த மறுநாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் மாவு பூசியது போல் நிற்கும். கயலின் அப்பாவோ ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவருடைய புருவமும் அந்த மரத்தின் நிறத்தில்தான் இருக்கும்.

நான் பட்டப்படிப்பும் பி.எட்.டும் முடித்தவள். படித்தவள் செய்யும் எல்லாவற்றையும் செய்தேன். பகலெல்லாம் ஜன்னல்களைச் சாத்தி வைத்தேன். தரையை ஈரத் துணியால் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். விடியற்காலையில், லாரி ஓடத் தொடங்கும் முன், படுக்கையறையின் பின்பக்க ஜன்னலை மட்டும் அகலத் திறந்து, தூங்கும் கயலுக்குச் சுத்தமான காற்று விட்டேன். கயலின் அப்பாவிடம், சட்டையைக் கழற்றி, குளித்து முடிக்கும்வரை பிள்ளையைத் தொட வேண்டாம் என்றேன்.

அவர் அப்படியே செய்தார். கயல் "அப்பா!" என்று ஓடும்போது, போலீஸ்காரனைக் கண்டவர் போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து குளியலறைக்குப் போவார். பிறகு குளித்தபின்னும் தூக்கத் தயங்கினார். நாளாக ஆக அவளும் கற்றுக்கொண்டாள். கதவுச் சத்தம் கேட்டால் ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே, "அப்பா தூசி" என்பாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் வேறு யார் சொல்லிக் கொடுத்தது?

ஒருநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "திருப்பூர்ல அண்ணன் மில்லுல எடம் இருக்குன்னான். இந்த வேலைதான் புள்ளைக்கு ஆவலன்னா சொல்லு, வுட்டுட்டுப் போயிடலாம். ஆனா தெரிஞ்சு சொல்லு."

அவருக்கு அந்த வேலை பிடிக்கும். பெரிய உருளை ஒன்று பழுதாகி நின்று, இவர் கை வைத்து மறுபடி சுற்றத் தொடங்கும்போது என்ன மாதிரி சத்தம் வரும் என்று கல்யாணமான புதிதில் வாயாலேயே செய்து காட்டியிருக்கிறார். அந்த வேலையை விடச் சொல்ல எனக்கு உறுதி வேண்டும். அந்த உறுதிக்குத்தான் நான் தூசி மேடத்தையே சுற்றி வந்தேன்.

"மேடம், ஆலைதானே?"

"இருக்கும், அதுவும் இருக்கும். இருங்க, மூஞ்சிங்களச் சேத்துக்கிட்டு இருக்கேன்."

முகங்களைச் சேர்ப்பது என்றால், தெருத் தெருவாக ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறைகளோடு அலைவது. ரோட்டோர மண், டிப்பர் சக்கரத்தடியில் கிடந்த வெள்ளைப் பொடி, பஸ் ஸ்டாண்ட் சுவரில் படிந்த கரி. என் மின்விசிறி இறக்கையைக்கூடத் துடைத்து எடுத்துப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கயலின் அப்பாவிடம் வேலைச் சட்டையைக் கேட்டபோது அவர் முகம் சுருங்கியது.

"என்னாங்க, வேவு பாக்குறீங்களா?"

"உங்கள இல்லங்க. உங்க சட்டைய. அதோட பங்க மட்டும் எடுத்துக்கிட்டு சட்டையத் திருப்பிக் குடுத்துர்றேன்."

அவர் கழற்றிக் கொடுத்தார்.

தூசி மேடம் சரோஜாக்காவிடம் போய், பின்கட்டு அடுப்பின் சாம்பலைக் கேட்டார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்திரம் வெளக்கவா? கேக்கறதுக்கு என்னம்மா கூச்சம். இரு, நல்லா சலிச்சுத் தரேன்" என்று ஒரு சொம்பு நிறைய அள்ளினார். ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லி மீதியை வேண்டாமென்று மறுக்க மேடத்துக்கு வெகுநேரம் ஆயிற்று.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரோஜாக்காவுக்குக் குன்னம் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம். மக்காச்சோளம் உதிர்த்தபின் மிஞ்சும் கட்டைகள் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும். விடிவதற்கு முன் எழுந்து, பின்கட்டில் அந்தக் கட்டைகளை எரித்து அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சுவார். அவருக்காக அல்ல, அவர் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். "பனிக் காலத்துல புள்ள நெஞ்சுக்குச் சுடுதண்ணிதான் ஆவும். கேஸ்ல காச்சற சூடு ஒடம்புல ஒட்டாது" என்று அத்தனையும் கயலுக்காக. அவரே வாளியை மேலே தூக்கி வருவார். நான் வேண்டாமென்றால், "நீ சும்மா இரு கண்ணு, எனக்கு வேற என்னா வேல" என்பார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அவருக்கு, கயலின் குளியல்தான் நாளின் முதல் காரியம்.

போகிக்கு மறுநாள் எடுத்த தாள் தோசைக்கல் போலக் கருத்திருந்தது. தூசி மேடம் அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "ஊரே கூடிப் பங்கு போட்டிருக்கு பாருங்க!" ஆனால் பொங்கல் முடிந்து தெரு அடங்கிய பிறகும் தாள்கள் வெளுக்கவில்லை. அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இந்த ரோட்டுக்கு வெள்ளையாத்தான் வரணும். கருப்பு ஏன் இவ்வளவு வருது? யாரோ தெனம் கொஞ்சம் கொஞ்சமா போகி கொண்டாடுறாங்க."

அடுத்த வாரம் ஒரு விடியற்காலை, கைக்கு அடங்கிய ஒரு சின்னக் கருவியோடு வந்தார். அந்தந்த நிமிடத்துக் காற்றில் எவ்வளவு தூசி என்று அதில் எண் ஓடும். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாராம். நான் வழக்கம்போல் பின்ஜன்னலைத் திறந்து, ஆழ மூச்சிழுத்து நிமிர்ந்தபோது, மேலிருந்து அவர் முகம் எட்டிப் பார்த்தது.

"தெனம் இந்த நேரத்துக்குத்தான் தொறப்பீங்களா?"

"ஆமா மேடம். லாரி ஓடாத நேரம். நல்ல காத்து" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கையிலிருந்த கருவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கீழே வந்து டீ குடித்தார். டம்ளரை வைக்கும்போது, "நாளையிலேருந்து அந்த ஜன்னல வெயில் நல்லா ஏறுன பெறவு தொறந்து பாருங்களேன்" என்றார்.

"லாரி வந்துருமே மேடம்."

"வரட்டும். கொஞ்ச நாள் பாருங்க. பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டுறத மட்டும் நிறுத்தாதீங்க. எனக்குத் தூசிதான் தெரியும், புள்ள நெஞ்சு தெரியாது."

அவர் இதைச் செய் என்று சொல்பவரே அல்ல. அதனால் செய்தேன். செய்துகொண்டே, தவறோ தவறோ என்று பயந்துகொண்டும் இருந்தேன்.

அதே சமயத்தில் தெருவில் ஒரு மனு தயாரானது. டிப்பர் லாரிகளையும் ஆலையையும் எதிர்த்து. டீக்கடையில் வைத்து அவரை மடக்கினார்கள். நான் கயலோடு பிஸ்கட் வாங்க நின்றிருந்தேன்.

"மேடம், நீங்க ஆராய்ச்சி பண்றவங்க. ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. யாரு?" என்றார் கடைக்கார அண்ணன்.

"ஒரே வார்த்தையில சொன்னா பொய்யாயிடும் அண்ணே."

"பாத்தியா, அவங்க ஆளுதான் இந்தம்மா" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "லாரிக்குத் தார்ப்பாய் போடணும், ரோட்டக் கூட்டணும், தண்ணி அடிக்கணும்னு எழுதுங்க, நானும் வந்து சொல்றேன். கண்ணுக்குத் தெரியிற தூசியில அவங்க பங்குதான் பெருசு. ஆனா மொத்தமும் அவங்கதான்னு எழுதச் சொன்னா எழுதமாட்டேன். உங்க கடை வாசல்ல எரியிற குப்பைய யாரு கணக்குல எழுதுறது அண்ணே?"

பெஞ்ச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. சில நாள் கழித்து, ஆலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "எல்லாம் அடுப்புப் புகைதானாமே மேடம்? எழுதிக் குடுத்துருங்களேன்" என்று தேன் ஒழுகக் கேட்டபோதும், "அதுவும் ஒரே வார்த்தைதாங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த மாதம் அவர் தெருவில் நடந்து போகும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வணக்கம் சொல்லவில்லை. அவர் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. கயல் மட்டும் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள்.

மாசியில் ஆய்வகத்திலிருந்து முதல் முடிவுகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி நிழலில் உட்கார்ந்தோம். நான், கயலின் அப்பா, முறத்தில் பயறு புடைக்க வந்து முறத்தைக் கீழேயே வைத்துவிட்டு ஏறிய சரோஜாக்கா.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தூசியில் இரண்டு சாதி. பருத்தது, பொடியானது. மரத்தில் படிவது, துணியில் ஒட்டுவது, நாம் திட்டுவது எல்லாம் பருத்தது; அதில் லாரி, ரோடு, ஆலை எல்லாம் சேர்ந்து பெரும்பங்கு. அதில் பெரும்பாலானது மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நெஞ்சுக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரியாத பொடி. அதில் டீசல் புகை இருக்கிறது, ஆலை எரிக்கும் நிலக்கரியும் இருக்கிறது. ஆனால் இந்த மாடியில், இந்தப் பனிக்காலத்தில், எல்லாவற்றிலும் பெரிய பங்கு விறகுப் புகை. கூடவே கொஞ்சம் பிளாஸ்டிக்.

சரோஜாக்கா முதலில் தலையாட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். அடுப்பு பற்றவைக்க அவர் எண்ணெய்க் கவரையும் பால் கவரையும் சேர்த்து வைப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப நானா?" என்றார். "நானாம்மா புள்ளைய இழுக்க வச்சேன்? அந்தப் புள்ளைக்குன்னுதானேடி நான் எந்திரிச்சி..."

நான் அவரைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு வந்தது கோபம். கடைசியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டது போல ஒரு கோபம். அதைத் தூசி மேடம் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, இருங்க. நான் இன்னும் பிரிச்சு முடிக்கல" என்றார். "பனியில பொகை மேல ஏறாது, அப்படியே படுத்துக்கும். அது பனியோட பங்கு. அடுப்புக்கு நேர் மேல ஜன்னல வச்சுக் கட்டுன கொத்தனாருக்கு ஒரு பங்கு. நாளெல்லாம் சாத்தி வச்சிட்டு, சரியா அந்த நேரத்துக்குத் தொறந்தது இவங்க பங்கு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நல்ல காற்று என்று நான் அளந்து அளந்து விட்டது அதுவா?

"என் பங்கு எவ்வளவு மேடம்?" என்று கேட்டேன்.

"சின்னதுதாங்க. ஆனா இருக்கு." பிறகு, நான் அழப் போவதைப் பார்த்துச் சட்டென்று சொன்னார்: "அட, அதுக்கு ஏங்க அழறீங்க? பங்கு இருந்தாத்தானே கை வைக்க முடியும்? பங்கில்லாத சொத்துல போயி நம்ம என்ன பண்ண முடியும்? லாரிய நீங்க நிறுத்த முடியாது. ஜன்னல சாத்த முடிஞ்சுதுல்ல? ரெண்டு வாரமா எப்படியிருக்கா?"

காலை விசில் குறைந்திருந்தது. நிற்கவில்லை; குறைந்திருந்தது. பனி குறைந்ததாலும் இருக்கலாம், டாக்டர் மாற்றிய மருந்தாலும் இருக்கலாம். சொன்னேன்.

"அப்ப பனிக்கும் டாக்டருக்கும் அதுல பங்கு குடுங்க" என்றார். "நல்லதையும் பிரிக்கத்தான் வேணும்."

கயலின் அப்பா அதுவரை கைப்பிடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சட்டை?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க சட்டையில இருந்தது முக்காவாசி பருத்த தூசி. பங்கே இல்லன்னு சொல்லமாட்டேன். வெளியவே நல்லா ஒதறி, தனியா அலசிப் போடுங்க. போதும்."

அவர் தலையசைத்தார். எழுந்து போய்விட்டார். சரோஜாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தார். உச்சி வெயில். கையை உதறினார்.

"ஏம்மா, இந்தத் தண்ணி இந்தக் கொதி கொதிக்குது. இத வுட்டுட்டா நான் கட்டைய எரிச்சேன்?"

அன்றிலிருந்து கயலின் குளியல் மதியத்துக்கு மாறியது. மாடித் தொட்டித் தண்ணீர். வாளியைத் தூக்குபவர் மாறவில்லை. மக்காச்சோளக் கட்டைகள் மாட்டுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயின. அங்கே எந்த ஜன்னலுக்குக் கீழே எரிகின்றனவோ என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

திருப்பூருக்கு நாங்கள் போகவில்லை. இப்போது பெரம்பலூரில் இருக்கிறோம், கயலின் பள்ளிக்கூடத்துக்காக. அவள் அப்பா இங்கிருந்து அதே வேலைக்குப் போய் வருகிறார். கயல் பனிக்காலத்தில் இன்னும் சில நாள் மருந்து இழுக்கிறாள். அவள் மதிப்பெண் குறைந்தாலும், சோறு குழைந்தாலும், நான் முதலில் முழுப்பழியையும் என் மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். பிறகு மெல்லப் பிரிக்கத் தொடங்குகிறேன். எனக்கு அவர் அளவுக்கு வராது. என் பங்கை எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறேன்.

அவர் மெஷினைக் கழற்றிக்கொண்டு போன நாள் சித்திரையில் ஒரு மத்தியானம். கடைசித் தாள் இன்னும் உள்ளே இருந்தது. அதை எடுப்பதற்காக மேல் மூடியைத் திறந்து, இடுக்கியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கயல் அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். சரோஜாக்கா கட்டுச்சோறு கட்டிக் கொண்டுவந்து, இந்த முறை பாதிப் படியில் தானாகவே நின்றுவிட்டார்.

அப்போது காலை ஷிஃப்ட் முடிந்து கயலின் அப்பா மாடிக்கு ஏறி வந்தார், தூசி மேடத்தை வழியனுப்ப. குளிக்கவில்லை. அதே சட்டை, அதே வெள்ளைப் புருவம். எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"அப்பா தூசி" என்றாள் கயல்.

இடுக்கி நின்றது. அவர் கயலை முதுகிலிருந்து இறக்கி முன்னால் நிறுத்தினார்.

"நான் யாரு?"

"தூசி அத்தை."

"தூசி அத்தை மேல மட்டும் தொங்குவீங்க, தூசி அப்பாகிட்ட போகமாட்டீங்களா? அவரு என்ன பாவம் பண்ணாரு?"

கயல் யோசித்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் தலையை ஆட்டினேன், போ என்று.

அவள் ஓடினாள். அவள் அப்பா பதறிப்போய், "இரு, இரு, ஒதறிக்கிறேன்" என்று மாடியின் நடுவிலேயே சட்டையைப் பிடித்து உதறினார். நெஞ்சை, தோளை, இரண்டு கையையும் படபடவென்று தட்டினார். வெள்ளையாக ஒரு சின்ன மேகம் எழுந்து, வெயிலில் மினுங்கி, காற்றில் நகர்ந்து, நேராகத் திறந்திருந்த மெஷினை நோக்கிப் போனது.

"ஐயோ, மேடம், தாளு!" என்று கத்தினேன்.

போர்வை உதற வேண்டாம் என்று வீட்டையே கெஞ்சியவர், கை கூப்பி மிளகாயை நிறுத்தியவர், இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். மூடிக்குக் கை போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தாளை அல்ல. கயல் அவள் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தப் புருவத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

எல்லாம் படிந்து அடங்கியபின் தூசி மேடம் தாளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் வட்டத்தின் ஒரு ஓரத்தில் வெள்ளையாகச் சில புள்ளிகள்.

"போச்சா மேடம்?" என்றேன். "எங்களாலதான்."

"கணக்குல சேக்க முடியாது" என்றார்.

டப்பாவில் வைத்து மூடினார். மற்ற டப்பாக்கள் இருந்த அட்டைப்பெட்டியில் அதை வைக்கவில்லை. தோளில் மாட்டிய துணிப்பைக்குள், சரோஜாக்காவிடம் வாங்கிய கட்டுச்சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கிப் போய்த் திருநீறு பூசிக்கொண்டார்.